டிக்கெட்டில் போட்டிருப்பது எந்த ஊர் நேரம்? கச்சிராயபாளையத்திலிருந்து விமானம் ஏறுவோருக்கு ஒரு கணக்குப் பாடம்

இந்த இதழின் பாடத்துக்கு ஒரு தாளும் பேனாவும் இருந்தால் போதும். கணக்கு என்று பயப்பட வேண்டாம். ஐந்தாம் வகுப்புக் கூட்டலும் கழித்தலும்தான். ஆனால் இந்தச் சின்னக் கணக்கு தெரியாததால் விமானத்தைத் தவறவிட்டவர்கள் உண்டு. தங்களுக்கு வர வேண்டிய இழப்பீட்டைக் கேட்காமலேயே வீடு திரும்பியவர்களும் உண்டு. உங்கள் வீட்டில் ஒருவர் முதல் தடவையாக வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறார் என்றால், அவர் பெட்டி கட்டுவதற்கு முன்னால் இதை ஒருமுறை உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.

இரண்டு டிக்கெட்டுகளை எடுத்துக்கொள்வோம். நேரங்கள் உதாரணத்துக்காக வைத்துக்கொண்டவை. முதல் டிக்கெட்டில் சென்னை புறப்பாடு காலை 10:00, சிங்கப்பூர் சேர்வது மாலை 16:40 என்று இருக்கிறது. இரண்டாவதில் சென்னை புறப்பாடு அதே காலை 10:00, துபாய் சேர்வது பகல் 12:50.

பார்த்தவுடன் என்ன தோன்றும்? சிங்கப்பூருக்கு ஆறே முக்கால் மணி நேரம், துபாய்க்கு மூன்று மணி நேரம்கூட இல்லை. ஆக துபாய் பக்கம், சிங்கப்பூர் தூரம். இல்லைங்க. சென்னை விமான நிலையத்திலிருந்து இரண்டு ஊர்களுமே ஏறத்தாழ ஒரே தூரம்தான். இரண்டுமே நேர்க்கோட்டில் 2,900 கி.மீ. சொச்சம், சொல்லப்போனால் துபாய்தான் சில கிலோமீட்டர் கூடுதல். பறக்கும் நேரமும் இரண்டுக்கும் நாலு மணி நேரத்தை ஒட்டித்தான் வரும்.

அப்படியானால் டிக்கெட் பொய் சொல்கிறதா? இல்லை. புறப்படும் நேரம் புறப்படுகிற ஊர்க் கடிகாரப்படி. சேரும் நேரம் சேருகிற ஊர்க் கடிகாரப்படி. உலகம் முழுக்க எல்லா விமான டிக்கெட்டுகளிலும் இதுதான் வழக்கம். நம் கடிகாரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. சிங்கப்பூர் எட்டு மணி முன்னால், அதாவது நம்மைவிட இரண்டரை மணி முந்தி. துபாய் நாலு மணி முன்னால்; நம்மைவிட ஒன்றரை மணி பிந்தி.

இப்போது கணக்கைப் போடுங்கள். சிங்கப்பூர் டிக்கெட்டில் 10:00-க்கும் 16:40-க்கும் இடையே 6 மணி 40 நிமிடம். அதில் 2:30 கழித்தால் 4 மணி 10 நிமிடம். துபாய் டிக்கெட்டில் 2 மணி 50 நிமிடம். அதோடு 1:30 கூட்டினால் 4 மணி 20 நிமிடம். மனதில் நிற்க இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: கிழக்கே போனால் கழி, மேற்கே போனால் கூட்டு. திரும்பி வரும்போதும் இதே விதிதான். சிங்கப்பூரில் காலை 8:00-க்கு ஏறிச் சென்னையில் 9:40-க்கு இறங்கினால், மேற்கே வருகிறீர்கள், கூட்டுங்கள்: 1:40-ம் 2:30-ம் சேர்ந்து 4:10. மகன் 'காலையில் எட்டு மணிக்கு ஏறுகிறேன் அம்மா, ஒன்பதே முக்காலுக்கு அங்கே இருப்பேன்' என்று சொன்னால் அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சிங்கப்பூர் விஷயத்தில் ஒரு சுவாரசியம். சூரியனைப் பார்த்துக் கணக்கிட்டால், 15 பாகை தீர்க்கரேகைக்கு ஒரு மணி நேரம் என்ற பள்ளிக்கூடக் கணக்குப்படி, சிங்கப்பூர் நம்மைவிட ஒன்றரை மணி நேரம்தான் முந்தியிருக்க வேண்டும். ஆனால் மலேசியா தன் நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்று வைத்தபோது சிங்கப்பூரும் கூடவே மாறியது. 1982 ஜனவரி 1 முதல் அங்கே எட்டு மணி முந்திய கடிகாரம். அதனால்தான் அங்கே காலை ஏழு மணிக்குத்தான் பொழுது விடிகிறது. ஊர் நேரம் என்பது வானத்தைப் பார்த்து மட்டும் வைப்பதல்ல. அரசாங்கம் முடிவு செய்வதும் கூட. ஆகவே வரைபடத்தைப் பார்த்து ஊகிக்காமல், போகிற நாட்டின் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கணக்குப் போடுங்கள். இலங்கைக்கு எந்தக் கணக்கும் வேண்டாம். கொழும்புக் கடிகாரமும் நம் கடிகாரமும் ஒன்றுதான்.

நள்ளிரவு தாண்டிய தேதி

எல்லாவற்றையும்விட அதிகமாக ஆட்களை ஏமாற்றுவது இந்த இடம்தான். வளைகுடாவுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் போகிற விமானங்களில் பல நள்ளிரவையொட்டிப் புறப்படுபவை. டிக்கெட்டில் '15-ம் தேதி 00:40' என்று இருக்கும். நம் பேச்சில் ராத்திரி என்றால் அன்றைய பகலுக்குப் பிறகு வருவது. அதனால் 15-ம் தேதி பகல் முழுக்க வீட்டில் இருந்து, சாமி கும்பிட்டு, சொந்தபந்தம் எல்லாம் வந்து வழியனுப்பி, ராத்திரி ஒன்பது மணிக்கு விமான நிலையம் போய் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஏற வேண்டிய விமானம் போய் ஒரு நாள் நெருங்கியிருக்கும்.

15-ம் தேதி 00:40 என்றால் 14-ம் தேதி ராத்திரி படுக்கப் போகிற நேரம். வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முந்தி அங்கே இருக்க வேண்டும். 14-ம் தேதி இரவு 9:40. திருச்சியிலிருந்து ஏறுவதாக இருந்தால் கச்சிராயபாளையத்திலிருந்து காரில் மூன்றரை மணி நேரம் வையுங்கள், மாலை 6:10. வழியில் டயர் பஞ்சர், சாப்பாடு, மழை என்று ஒரு மணி நேரம் கையிருப்பு வேண்டும். ஆக 14-ம் தேதி மாலை ஐந்து மணிக்கு வண்டி கிளம்பியிருக்க வேண்டும். டிக்கெட் வந்தவுடன் அதன் மேலேயே பேனாவால் '14-ம் தேதி மாலை 5 மணி, வீட்டை விட்டுக் கிளம்பணும்' என்று எழுதிவிடுங்கள். வீட்டில் இருக்கும் எல்லாருக்கும் அந்த ஒரு வரி போதும்.

தூரம் என்றால் எந்தத் தூரம்?

கச்சிராயபாளையத்தில் நின்று மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை கைக்கு எட்டுகிற மாதிரி தெரியும். வெள்ளிமலைக்குப் போக வண்டியில் ஏறினால்தான் வளைவுகளின் கணக்குத் தெரியும். மலையில் இருப்பவர்களிடம் தூரம் கேட்டால் கிலோமீட்டர் சொல்வதைவிட 'ரெண்டு மணி நேரம் ஆகும்' என்று சொல்வதே வழக்கம். விமானப் பயணத்துக்கும் அது சரியான வழக்கம்தான்.

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே இத்தனை கி.மீ. என்று சொல்லும்போது, பூமி உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் வருகிற மிகக் குறுகிய தூரத்தைத்தான் சொல்கிறார்கள். இந்த நேர்க்கோட்டுக் கணக்கில் சென்னை–சேலம் சுமார் 265 கி.மீ.; சாலையில் போனால் 340-ஐத் தாண்டும். சென்னை–திருச்சி சுமார் 295. திருச்சி–கொழும்பு சுமார் 420. சென்னை–மதுரையும் கிட்டத்தட்ட அதே 420 தான். நம் மாநிலத்துக்குள்ளே ஒரு பயணமும் வேறொரு நாட்டுக்குப் போகிற பயணமும் ஒரே தூரம்! ஆனால் கொழும்புக்குப் போக பாஸ்போர்ட், இமிகிரேஷன் வரிசை, மூன்று மணி நேரக் காத்திருப்பு எல்லாம் உண்டு. தூரம் ஒன்று, ஆகிற நேரம் வேறு.

சில இடங்களில் தூரத்தை நாட்டிகல் மைல் என்று போட்டிருப்பார்கள். விமானிகளும் கப்பல்காரர்களும் பயன்படுத்தும் அளவு அது. ஒரு நாட்டிகல் மைல் 1.852 கி.மீ. நாட்டிகல் மைல் கணக்கைக் கிலோமீட்டர் என்று நினைத்துக்கொண்டால் தூரம் பாதியாகத் தெரியும்.

விமானம் அந்த நூல் போன நேர்க்கோட்டிலேயே போகும் என்றும் இல்லை. ஆகாயத்திலும் பாதைகள் உண்டு, மூடப்பட்ட பகுதிகள் உண்டு. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடிய பிறகு, டெல்லியிலிருந்து மேற்கே ஐரோப்பா, அமெரிக்கா போகிற நம் விமானங்கள் சுற்றிப் போக வேண்டி வந்தது. பயண நேரம் கூடியது. டெல்லியும் லண்டனும் இருந்த இடத்தில்தான் இருந்தன.

பறக்கும் நேரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

டிக்கெட்டில் கிடைக்கும் பயண நேரம் ஆகாயத்தில் இருக்கிற நேரம் மட்டும் அல்ல. விமானம் நின்ற இடத்திலிருந்து புறப்பாட்டுக்காக நகரத் தொடங்கியது முதல், போய்ச் சேர்ந்த இடத்தில் நிறுத்தப்படுவது வரை உள்ள முழு நேரம் அது. விமானத் துறையில் இதற்கு பிளாக் டைம் என்று பெயர். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, முன்னால் நாலு விமானம் இருந்தால் வரிசையில் நிற்பது, மேலே ஏறுவது, இறங்குவது, மறுபடி ஊர்ந்து வருவது எல்லாம் இதில் அடக்கம். இந்தச் சொல்லை ஞாபகம் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் இதற்கு ரூபாய் மதிப்பு வரப்போகிறது.

நீங்களே மதிப்பிட ஒரு கைக்கணக்கு. ஜெட் விமானமாக இருந்தால் தூரத்தை 800 ஆல் வகுத்து அரை மணி கூட்டுங்கள். சென்னை–டெல்லி 1,760 கி.மீ.: 2.2 மணி, அதோடு அரை மணி, ஆக 2 மணி 40 நிமிடத்துக்கு மேல். அட்டவணையில் ஏறத்தாழ அப்படித்தான் இருக்கும். திருச்சி–சிங்கப்பூர் சுமார் 2,980 கி.மீ.: 4 மணி 10 அல்லது 15 நிமிடம். சேலத்துக்கு வருவது போன்ற விசிறி வைத்த ஏ.டி.ஆர். விமானமாக இருந்தால் 480 ஆல் வகுத்து அதே அரை மணி கூட்டுங்கள். சென்னை–சேலம் 265 கி.மீ.க்கு ஒரு மணி நேரத்தையொட்டி வரும். தூரம் குறையக் குறைய அந்த அரை மணியின் பங்கு பெரிதாவதைக் கவனியுங்கள். சேலம் பயணத்தில் பாதி நேரம் ஏறுவதிலும் இறங்குவதிலும் ஊர்வதிலுமே போய்விடுகிறது. குட்டித் தூரத்துக்கு விமானம் ஏன் அவ்வளவாக லாபம் இல்லை என்பது இதில் இருக்கிறது.

காற்றையும் சொல்ல வேண்டும். துபாய்க்குப் போகும்போது 4:20 ஆனது, அங்கிருந்து வரும்போது நாலு மணிக்குள் முடிந்துவிடும். ஜெட் விமானங்கள் பறக்கும் 10, 12 கி.மீ. உயரத்தில், குறிப்பாகக் குளிர்காலத்தில், மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்று ஓடுகிறது. போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று. சைக்கிள் மிதித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவ மாதங்களில் தென்னிந்தியாவின் மேல் கதை மாறுகிறது. ஆடிக் காற்று கீழே ஒரு பக்கம் போக, வெகு உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு காற்றாறு ஓடும். இதை 1958-ல் விளக்கி எழுதியவர் நம் நாட்டு வானிலை விஞ்ஞானி பி. கோட்டேஸ்வரம். ஒரே இரண்டு ஊர்களுக்கு இடையே பருவத்துக்குப் பருவம் அட்டவணை சில நிமிடங்கள் மாறினால் ஆச்சரியப்படாதீர்கள்.

தூரத்துக்கும் எரிபொருளுக்கும் உள்ள உறவைத் தமிழ்நாடே பார்த்த ஒரு சாயங்காலம் உண்டு. 2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. உடனே இறக்க முடியவில்லை. நாலு மணி நேரத்தையொட்டிய பயணத்துக்கான எரிபொருள் உள்ளே இருந்தது. அத்தனை எடையோடு இறங்குவது ஆபத்து. இரண்டரை மணி நேரம் போல வானத்தில் வட்டமடித்து எரிபொருளைத் தீர்த்த பிறகு, 141 பயணிகளோடு திருச்சியிலேயே பத்திரமாக இறங்கியது. டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த நமக்கு 'ஏன் இன்னும் இறக்காமல் சுத்துறாங்க' என்று பதறியது. காரணம் அந்தத் தூரக் கணக்குதான்.

நேரத்துக்கு ஏற்ற உரிமை

இப்போது முன்னே சொன்ன ரூபாய் விஷயம். விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின், அதாவது டி.ஜி.சி.ஏ.வின் விதிகளில் பயணிக்கு என்ன கிடைக்கும் என்பதை முடிவு செய்வது பல இடங்களில் இந்த பிளாக் டைம்தான்.

விமானம் தாமதமானால் எப்போது சாப்பாடும் குடிக்க ஏதாவதும் தர வேண்டும்? பிளாக் டைம் இரண்டரை மணி வரை உள்ள பயணத்துக்குத் தாமதம் இரண்டு மணியைத் தொட்டால் தர வேண்டும். இரண்டரைக்கு மேல் ஐந்து மணி வரை உள்ள பயணத்துக்கு மூன்று மணி நேரத் தாமதம். அதற்கும் நீண்ட பயணத்துக்கு நாலு மணி. சென்னை–கொல்கத்தா இரண்டரைக்குள் அடங்கும், சென்னை–டெல்லி அடங்காது. சிங்கப்பூரும் துபாயும் மூன்று மணி நேரப் படியில் வரும். டிக்கெட்டில் 6:40 என்று தெரிகிறதே என்று நீங்களே சிங்கப்பூரை நாலு மணிப் படியில் போட்டுக்கொண்டு, பசியோடு இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டாம். நீங்கள் நேரத்துக்கு வந்து செக்-இன் செய்திருக்க வேண்டும், அது மட்டும் நிபந்தனை.

உள்நாட்டு விமானத்தின் தாமதம் ஆறு மணிக்கு மேல் போனால் வேறு விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். இரவு எட்டு மணியிலிருந்து விடியற்காலை மூன்று மணிக்குள் கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், தங்க இடமும் அங்கே போய்வர வண்டியும் தர வேண்டும் என்று இருக்கிறது. நம் ஆட்கள் ஏறுகிற விமானங்களில் பல இந்த நேரத்தில்தான் கிளம்புகின்றன. ஆனாலும் தரையில் துண்டை விரித்துப் படுப்பவர்கள்தான் அதிகம் கண்ணில் படுகிறார்கள். கவுன்ட்டரில் போய்க் கேளுங்கள். கேட்பது தப்பில்லை.

விமானம் ரத்தாகி, அதை விதிப்படி முன்கூட்டியே உங்களுக்குச் சொல்லாமல் விட்டிருந்தால், பணத்தைத் திருப்பித் தருவதோ மாற்று விமானமோ போக, இழப்பீடும் உண்டு. பிளாக் டைம் ஒரு மணி வரை என்றால் 5,000 ரூபாய், ஒரு மணிக்கு மேல் இரண்டு மணி வரை 7,500 ரூபாய், இரண்டு மணிக்கு மேல் 10,000 ரூபாய். இல்லையென்றால் ஒரு வழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அது. சேலம் விமானத்தின் நேரம் அட்டவணையில் ஒரு மணி என்று இருந்தால் ஒரு படி, ஒரு மணி 5 நிமிடம் என்று இருந்தால் அடுத்த படி. ஐந்து நிமிடத்துக்கும் விலை இருக்கிறது பாருங்கள். புயல், பாதுகாப்புப் பிரச்சினை, வான்வெளி மூடல் போன்று நிறுவனத்தின் கையில் இல்லாத காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது. வெளிநாட்டு நிறுவனமாக இருந்தால் தன் நாட்டு விதிப்படியும் தரலாம். விதிகள் அவ்வப்போது திருத்தப்படும் என்பதால் பயணத்துக்கு முன் டி.ஜி.சி.ஏ. இணையதளத்தில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இதில் கிராமத்துப் பயணிகள் கவனிக்க வேண்டிய ஒரு கண்ணி இருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போது சரியான தொடர்பு விவரம் கொடுக்காத பயணிக்கு இந்த இழப்பீடு கிடையாது என்கிறது விதி. ஏஜென்ட் மூலம் எடுக்கும்போது பல தடவை பயணியின் எண்ணுக்குப் பதில் ஏஜென்டின் செல்போன் எண்ணே பதிவாகிறது. ரத்து, நேர மாற்றம் என்ற குறுஞ்செய்தி எல்லாம் அவருக்குப் போகும். அவர் தூங்கிவிட்டால்? 'என் நம்பரைப் போடுங்க, என் இ-மெயிலைப் போடுங்க' என்று முதலிலேயே சொல்லுங்கள். இ-மெயில் இல்லாதவர்கள் பிள்ளைகளுடையதைக் கொடுக்கலாம். முழு மின்-டிக்கெட்டையும் அச்செடுத்துக் கையில் வாங்குங்கள். நேரத்தை மட்டும் துண்டுக் காகிதத்தில் எழுதித் தந்தால் போதாது.

நிறுவனத்திடம் கேட்டும் தீராத புகாரை விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்திலோ செயலியிலோ பதியலாம். போர்டிங் பாஸ், டிக்கெட், வந்த குறுஞ்செய்தியின் படம் மூன்றையும் பத்திரப்படுத்தினால் வேலை சுலபம். அதற்கும் மேலே நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

நம் ஊரிலிருந்து எந்த நிலையம்?

2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம். மாவட்டத்துக்குள் விமான நிலையம் இல்லை. கச்சிராயபாளையத்துக்காரருக்குச் சுற்றிலும் நாலு வாசல்கள். மேற்கே ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் உள்ள சேலம் நிலையம், சின்னசேலம், ஆத்தூர் வழியாக நூற்றுப்பத்து கி.மீ. போல. கிழக்கே புதுச்சேரி, நூற்றிருபது, நூற்றிமுப்பது. தெற்கே திருச்சி, நூற்றைம்பதுக்குச் சற்று மேல். வடகிழக்கே சென்னை, கிட்டத்தட்ட 250.

கிட்டத்தில் இருப்பதுதான் நல்லது என்று தோன்றும். போட்டுப் பார்ப்போம். சென்னையில் ஒரு வேலை. சேலம் போய் விமானம் ஏறலாமா? காமலாபுரம் போக இரண்டரை மணி. உள்நாட்டுப் பயணத்துக்கு இரண்டு மணி முந்தி அங்கே இருக்க வேண்டும். பறக்க ஒரு மணி. இறங்கிப் பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி. ஆறு மணி நேரம் ஆச்சு, இன்னும் நீங்கள் மீனம்பாக்கத்தில்தான் நிற்கிறீர்கள். இந்த நேரத்தில் கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை வழியாகக் காரிலோ பஸ்ஸிலோ சென்னைக்கே போய்விடலாம். அதுவும் பாருங்கள், சென்னை வடகிழக்கே இருக்க, முதலில் மேற்கே நூறு கி.மீ. போய்த் திரும்பி நம் பக்கத்து வானத்தைத் தாண்டிப் பறந்து போகிறோம். இந்தப் பயணத்தை ஆசைக்கு ஒருமுறை போகலாம். நேரம் மிச்சம் என்று போக வேண்டாம்.

ஹைதராபாத் என்றால் நிலைமை வேறு. சேலத்திலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 610 கி.மீ.; ஏ.டி.ஆர். கணக்குப்படி ஒன்றே முக்கால் மணி. வீட்டு வாசலிலிருந்து ஏழு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சாலையில் ஒரு முழு ராத்திரிக்கு மேல் பிடிக்கும். சேலத்தில் 2018 மார்ச்சில் உடான் திட்டத்தின் கீழ் சென்னைச் சேவை தொடங்கி, இடையில் நின்று, 2023 அக்டோபரில் பெங்களூரு, கொச்சி, ஹைதராபாத், சென்னை என்று மறுபடி ஆரம்பமானது. சின்ன நிலையங்களின் அட்டவணை பருவத்துக்கு ஒரு தரம் மாறும். ஆறு மாதம் முன்னால் போனவர் சொன்ன நேரத்தை நம்பிக் கிளம்பாதீர்கள்.

சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் என் ஓட்டு திருச்சிக்குத்தான். சென்னையிலிருந்து சிங்கப்பூர் 60 கி.மீ. குறைவு, அதாவது பறப்பதில் ஐந்து நிமிடம் மிச்சம். ஆனால் சாலையில் திருச்சி நூறு கி.மீ. பக்கம், ஒன்றரை இரண்டு மணி நேரம் மிச்சம். 2024-ல் புதிய முனையமும் வந்துவிட்டது. சென்னை டிக்கெட் இரண்டாயிரம் ரூபாய் குறைவு என்று ஏஜென்ட் சொன்னால், கூடுதல் நூறு கி.மீ. கார் வாடகை எவ்வளவு, வழியனுப்ப வருகிறவர்கள் திரும்பி வர எத்தனை மணி ஆகும் என்பதையும் அதே தாளில் எழுதிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கட்டணத்திலும் இந்தத் தூரமும் நேரமும் தலை காட்டும். உடான் திட்டம் தொடங்கியபோது சுமார் ஒரு மணி நேரப் பயணத்துக்கு, ஒரு பகுதி இருக்கைகளுக்கு, 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள். கொரோனா காலத்தில், 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை, உள்நாட்டுக் கட்டணத்தைப் பறக்கும் நேரத்தை ஏழு படிகளாகப் பிரித்துக் கட்டுப்படுத்தினார்கள். 2025 டிசம்பரில் விமானங்கள் ஏராளமாக ரத்தாகிக் கட்டணம் எகிறியபோது, அரசு தற்காலிகமாக வைத்த வரம்பு தூரத்தை வைத்து: 500 கி.மீ. வரை 7,500 ரூபாய், 1,000 வரை 12,000, 1,500 வரை 15,000, அதற்கு மேல் 18,000. மறுபடி அப்படி ஒரு சமயம் வந்தால், உங்கள் ஊர்த் தூரம் எந்தப் படி என்பது தெரிந்திருப்பது நல்லது.

கடைசியாக ஒரு பயிற்சி. விடையைப் பார்க்காமல் போடுங்கள். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு 20-ம் தேதி 22:40-க்குப் புறப்பாடு; 21-ம் தேதி 05:10-க்குச் சேர்வு. மலேசிய நேரம் சிங்கப்பூர் நேரமேதான். தூரம் சுமார் 2,690 கி.மீ. பயண நேரம் எவ்வளவு? கச்சிராயபாளையத்திலிருந்து எப்போது கிளம்ப வேண்டும்? எத்தனை மணி நேரத் தாமதத்தில் சாப்பாடு கேட்கலாம்? ரத்தானால் எந்தப் படி?

22:40-லிருந்து 05:10 வரை 6 மணி 30 நிமிடம். கிழக்கே போகிறோம், 2:30 கழித்தால் 4 மணி நேரம். கைக்கணக்கும் 2,690-ஐ 800 ஆல் வகுத்து அரை மணி கூட்டினால் 3 மணி 50 நிமிடத்துக்கு மேல் தருகிறது, சரியாக இருக்கிறது. 22:40-லிருந்து மூன்று மணி பின்னால் போனால் 19:40, சாலைக்கு மூன்றரை மணி கழித்தால் 16:10, கையிருப்பு ஒரு மணி. ஆக 20-ம் தேதி மாலை மூன்று மணியை ஒட்டி வண்டி எடுக்க வேண்டும். பயணம் இரண்டரைக்கும் ஐந்துக்கும் நடுவில் வருவதால் மூன்று மணி நேரத் தாமதத்தில் சாப்பாடு. ரத்தானால் 10,000 ரூபாய்ப் படி. உங்கள் பயண நேர விடை ஐந்து மணி நேரம் கூடுதலாக வந்திருந்தால், கடிகார வித்தியாசத்தைக் கழித்தீர்களா கூட்டினீர்களா என்று மட்டும் திரும்பப் பாருங்கள்.